விடுமுறைக்கு எங்கே போகலாம்?



டிசம்பர் மாதம் நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. “விடுமுறைக்கு எங்கே போகலாம்?” என்பதே அது. முன்னாளில் மாமா வீடு, சித்தி வீடு என்று விடை கிடைத்தது. இந்நாளில் கைப்பேசியில் கண்ட வண்ணப் படங்களே விடை சொல்கின்றன. பனி மூடிய ஜப்பான், கொரியா என்று பிள்ளைகள் அடுக்குகின்றனர். பள்ளி திறந்ததும், “நீ எங்கே போனாய்? படம் எங்கே?” என்று தோழர்கள் கேட்பார்களே என அஞ்சுகின்றனர். அந்த அச்சத்தைப் போக்கக் கடன் வாங்கிப் பயணம் போன பெற்றோரையும் நான் அறிவேன். ஆகவே, இதைப் பற்றி என் கருத்தை இம்மலரின் வாயிலாகக் கூற விழைகின்றேன்.

பயணமே வேண்டாம் என்பது என் கருத்தன்று. பொருள் வளம் உடையோர் கடல் கடந்து சென்று வருவதில் தவறில்லை. ஆனால், நல்ல வண்ணப் படங்கள்தாம் நோக்கம் என்றால், இடத்தைத் தேர்ந்தெடுக்கும்முன் வானிலை, ஒளி, வண்ணம் ஆகிய மூன்றையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் வானிலை. நவம்பர் முதல் மார்ச் வரை நம் நாட்டில் வடகிழக்குப் பருவக்காற்று வீசுகின்றது. கிளந்தான், திரங்கானு, பகாங் கடற்கரைகளில் டிசம்பரில் கனமழை பெய்யும்; கடலும் கொந்தளிக்கும். பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகளுக்கு அப்போது போவது அறிவுடைமையாகாது. கேமரன் மலையின் பசுந்தேயிலைச் சரிவுகள் கண்ணுக்கு விருந்துதான். எனினும், விடுமுறை நாள்களில் மலைச்சாலையில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். படம் எடுக்க வேண்டிய காலைப்பொழுது சாலையிலேயே கழிந்துவிடும். வடக்கே பினாங்கும் லங்காவியும் அந்நாள்களில் ஓரளவு வறண்டிருக்கும். தொலைதூரம் போக வேண்டும் என்போர் அங்கே செல்லலாம்.

அடுத்தது ஒளி. நம் வட்டாரத்தில் டிசம்பரில் கதிரவன் காலை 7 மணிக்குச் சற்றுப் பின்னர் எழுகின்றான். 9 மணி வரை ஒளி சாய்வாகவும் இதமாகவும் விழும். நண்பகல் வெயிலில் முகங்களில் கருநிழல் படிந்து வண்ணங்கள் வெளிறிப் போகும். பிற்பகலில் பெரும்பாலும் மழை வரும். மழை ஓய்ந்த பின்னர் இலையும் சுவரும் தார்ச்சாலையும் கழுவி வைத்தாற்போல் மின்னும். ஆகவே, அதிகாலையும் மழைவிட்ட மாலையுமே படமெடுக்க ஏற்றவை.

மூன்றாவது வண்ணம். இதற்கு நாம் வானூர்தி ஏற வேண்டியதில்லை. கொமுட்டர் ரயில் ஏறினால் போதும். தமிழர் ஆறு பருவங்களில் மார்கழியையும் தையையும் முன்பனிக்காலம் என்றனர். நம் நாட்டில் பனி இல்லாவிடினும் அப்பருவத்திற்குரிய வண்ணங்கள் இங்கே உண்டு. கே.எல். சென்ட்ரல் நிலையத்தில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ். ஒரு காலத்தில் கோலாலம்பூரைக் கட்டியெழுப்பச் செங்கல் சுட்ட இடம் அது. இன்று அங்கே மல்லிகைச் சரங்களும் சேலைக்கடைகளும் பலகாரத் தட்டுகளும் வண்ணக் களஞ்சியமாகத் திகழ்கின்றன. 1904-ஆம் ஆண்டில் எழுந்த விவேகானந்த ஆசிரமக் கட்டடத்தையும் கண்டு வரலாம்.

வேறொரு ரயிலில் ஏறினால் பத்துமலை. அங்குள்ள 272 படிகளுக்கும் 2018-ஆம் ஆண்டில் பல வண்ணம் தீட்டப்பெற்றது. 2006-ஆம் ஆண்டில் திறந்து வைக்கப்பெற்ற 140 அடி முருகன் சிலை காலை வெயிலில் பொன்னாய் ஒளிரும். கிள்ளானில் இறங்கினால் தெங்கு கிளானா சாலை. பொங்கலுக்கு முந்திய நாள்களில் கரும்பும் மஞ்சள் கொத்தும் பானைகளும் அங்கே குவியும். கடைசி நிலையமாகிய போர்ட் கிள்ளானிலிருந்து படகேறினால் நண்டுத் தீவு எனப் பொருள்படும் பூலாவ் கெத்தாம். சேற்றின்மேல் கால் ஊன்றி நிற்கும் வண்ண வீடுகளும் சீன மீனவரின் படகுகளும் மிதிவண்டி ஓடும் பலகைப் பாதைகளும் பிள்ளைகளுக்குப் புதுமையாக இருக்கும்.

இனி, மனத்தில் நெடுநாளாக இருக்கும் ஒன்றைக் கூறுகின்றேன். நான் பிறந்தது கிள்ளான் அருகே ஒரு தோட்டத்தில். லயத்து வீடு, பிரட்டுக்களம், ஆலமரத்தடி மாரியம்மன் கோயில் எல்லாம் இருந்தன. இன்று அவ்விடத்தில் வீடமைப்புப் பகுதி நிற்கின்றது. எங்களிடம் இருப்பது பெற்றோரின் கருப்பு வெள்ளைத் திருமணப் படம் ஒன்றுதான். அதுவும் பட்டணத்துப் படக்கடையில் எடுத்தது. பின்னால் திரையில் தீட்டிய அரண்மனைத் தூண்கள்! சென்ற ஆண்டு என் மகள், “அப்பா, பாட்டி வீட்டுக் கதவு என்ன நிறம்?” என்று கேட்டாள். எனக்கு நினைவில்லை. நாள்தோறும் திறந்து மூடிய கதவு அது.

சுபாங் ஜெயாவிலுள்ள சீபீல்டு தமிழ்ப்பள்ளியையும் பண்டார் உத்தாமாவிலுள்ள எபிங்ஹாம் தமிழ்ப்பள்ளியையும் எண்ணிப் பாருங்கள். அவை தோட்டங்களின் பெயர்கள். தோட்டங்கள் போயின, பள்ளிகளின் பெயர்களில் மட்டும் அவை வாழ்கின்றன. எஞ்சியிருக்கும் தோட்டங்கள் எத்தனை நாள் இருக்கும் என்று யார் அறிவார்?

ஆதலால், தாத்தா பாட்டி இன்னும் தோட்டத்தில் இருப்பாராயின், அதுவே உங்கள் முதல் பயணமாகட்டும். பழுத்த செம்பனைக் குலையின் செம்மஞ்சள், வாசற்கோலம், கொடியில் காயும் கைலி ஆகியவை எந்தப் பனிநாட்டுக்கும் இளைத்தவையல்ல. கித்தா மரங்கள் இன்று நம் வட்டாரத்தில் அருகிவிட்டன. இருக்கும் இடங்களில், புத்தாண்டு பிறந்து வறட்சி தொடங்கியதும் இலைகள் செம்மையும் மஞ்சளுமாக மாறி உதிரும். காண்போர் அதனை அழகு என்பர். ஆனால், பால் குறைந்து கூலியும் குறையும் காலம் அதுவே. அதைப் படமெடுப்போர், மங்கின் அருகே நிற்கும் உழைப்பாளியின் நிலையையும் அறிந்து எடுத்தல் வேண்டும்.

மாணவர்களே, ஒருவரைப் படம் எடுக்குமுன் அவர்தம் அனுமதியைக் கேளுங்கள். காவடி சுமந்து வருவோரின் வழியை மறிக்காதீர்கள். எடுத்தவற்றுள் ஐந்து நல்ல படங்களையேனும் தாளில் அச்சிட்டு, பின்புறம் ஊர், நாள், பெயர் ஆகியவற்றை எழுதி வையுங்கள். கைப்பேசி பழுதானால் அதிலுள்ள படங்களும் மறையக்கூடும்.

பள்ளி திறந்ததும் அப்படங்களை வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள். “நீ எங்கே போனாய்?” என்று கேட்கும் தோழனிடம் தலைநிமிர்ந்து காட்டுங்கள். பாட்டி வீட்டுக் கதவையும் மறவாமல் எடுத்து வாருங்கள்.