உண்மையும் ஒரு கொத்துக் கறிவேப்பிலையும்

வெறுங்கையோடு உறவினர் வீட்டு வாசலை மிதிக்கலாகாது என்பது நம் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். பக்கத்து ஊருக்குப் போனாலும் ஒரு சீப்பு வாழைப்பழமாவது கையில் இருக்கும். கடல் கடந்து போவதென்றால் கேட்கவே வேண்டாம். பெட்டியில் பாதி துணிமணி, பாதி தின்பண்டம்! ஆனால் நாடுகளுக்கோ எழுதப்பட்ட சட்டங்கள் உண்டு. எழுதப்படாத நம் சட்டமும் எழுதப்பட்ட அந்தச் சட்டமும் விமான நிலையத்தில் மோதிக்கொண்டால் நாம் எதற்குக் கீழ்ப்படிவது? சென்ற கோடை விடுமுறையில் இக்கேள்விக்கு நானே விடை எழுத நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவில் வசிக்கும் என் சித்தப்பாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானத்துக்குப் பாட்டி வந்தே தீரவேண்டும் என்று சித்தப்பா வற்புறுத்தினார். அப்பாவுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. ஆகவே பாட்டிக்குத் துணையாக நான் சென்றேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே பாட்டி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. முறுக்கு, வறுத்து அரைத்த காப்பித்தூள், வீட்டிலேயே கிண்டிய பால்கோவா, முடிச்சுப் போட்ட முருங்கை விதை, அவரை விதை இவையெல்லாம் பெட்டிக்குள் போயின. எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் கொல்லைப்புற மரத்திலிருந்து பறித்து ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொத்துக் கறிவேப்பிலை. “அவனுக்கு ரசத்தில் இது மிதந்தால்தான் சாப்பாடு இறங்கும்” என்றார் பாட்டி.

விமானம் இறங்குவதற்கு முன் ஆளுக்கோர் அட்டை தந்தார்கள். இறைச்சி, பால் பொருள், பழம், காய்கறி, விதை, செடி ஆகியவற்றில் எதையேனும் கொண்டு வருகிறீர்களா என்று அதில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது. ஆம் அல்லது இல்லை என்று குறிக்க வேண்டும். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. “நீ படித்த பிள்ளை, நீயே எழுது கண்ணு. கையெழுத்து மட்டும் நான் போடுகிறேன்” என்றார். பக்கத்து இருக்கையில் இருந்த ஓர் அம்மையார் எட்டிப் பார்த்து, “எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டுவிடு பாப்பா. ஆம் என்று போட்டால் பெட்டியைக் கவிழ்த்துவிடுவார்கள்” என்று அன்போடுதான் அறிவுரை கூறினார்.

என் பேனா அந்தக் கட்டத்தின் மேல் நின்றுவிட்டது. இல்லை என்று எழுதினால் பொய் என்னுடையது; அதன் கீழே இருக்கும் கையெழுத்தோ ஒன்றும் அறியாத என் பாட்டியுடையது. இந்த எண்ணம் வந்தபின் என்னால் பொய் எழுத முடியவில்லை. ஆம் என்று குறித்தேன்.

அந்த அம்மையார் சொன்னபடியே பெட்டி திறக்கப்பட்டது. முறுக்கையும் காப்பித்தூளையும் பார்த்துவிட்டு அதிகாரி திருப்பிக் கொடுத்தார். பால்கோவாவும் விதைகளும் கறிவேப்பிலையும் தொட்டிக்குள் போயின. அபராதம் ஏதுமில்லை, மாறாக, உண்மையை எழுதியதற்கு நன்றி சொன்னார். ஆனால் பாட்டியின் கண்கள் கலங்கிவிட்டன. “இல்லை என்று எழுதியிருந்தால் வந்திருக்குமே, கண்ணு?” என்று கேட்டார். அதற்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் பாட்டி என்னோடு சரியாகவே பேசவில்லை.

ஊர் திரும்பிய பிறகு இதை யாரிடம் சொன்னாலும் ‘பிழைக்கத் தெரியாத பெண்’ என்றே சிரிக்கிறார்கள். அவர்கள் கூறும் வாதங்கள் மூன்று. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்ல விரும்புகிறேன்.

“ஒரு கொத்து இலையால் ஒரு தேசம் அழிந்துவிடுமா?” என்பது முதல் வாதம். அழிவு எப்போதும் சிறியதாகத்தான் நுழைகிறது என்பதற்கு வரலாறு சாட்சி. இலங்கை ஒரு காலத்தில் காப்பித் தோட்டங்களால் செழித்த தீவு. 1869ஆம் ஆண்டில் அங்கே காப்பி இலைகளில் ஆரஞ்சு நிறத் துரு போன்ற ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் காப்பித் தொழில் நொடித்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழகத்திலிருந்து சென்ற ஏழைகள் என்பதை நாம் மறக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூஞ்சை வித்துக்கள் அவர்கள் வாழ்வையும் புரட்டிப் போட்டன.

அவ்வளவு தூரம் போவானேன்? 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி மரங்களில் வெள்ளை மாவைக் கொட்டியது போல ஒரு பூச்சி காணப்பட்டது. அதுவே பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவுமே அதன் தாயகம். அதன் பெண் பூச்சிக்குச் சிறகு கிடையாது. கடலைத் தாண்டிப் பறந்து வர அதனால் இயலாது. ஏதோ ஒரு செடியோடோ பழத்தோடோதான் அது வந்திருக்க வேண்டும். பப்பாளியோடு நிற்காமல் மரவள்ளியையும், பட்டுப்புழுவுக்குத் தீனியாகும் மல்பெரியையும் அது பாழாக்கியது. மருந்தடித்து மாளவில்லை. பின்னர் 2010ஆம் ஆண்டில் அப்பூச்சியை அழிக்கவல்ல மூன்று வகைச் சிறு குளவிகளைப் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து விஞ்ஞானிகள் தருவித்தார்கள். முறையான அனுமதி பெற்று, தனித்து வைத்துச் சோதித்து, அதன் பிறகே வயல்களில் விட்டார்கள். பூச்சி அடங்கியது. தோழியரே, ஒன்றைக் கவனியுங்கள். கேடு செய்த பூச்சியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். நன்மை செய்த குளவியும் வெளிநாட்டிலிருந்து வந்ததுதான். ஒன்று யாருக்கும் தெரியாமல் வந்தது. மற்றொன்று சொல்லிவிட்டு வந்தது. வேற்றுமை அவ்வளவே.

கறிவேப்பிலைக்கும் இதே கதை உண்டு. அது எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்தைச் சேர்ந்த மரம் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. ஆரஞ்சு மரங்களைப் பச்சை நோய் என்னும் கொடிய நோயால் வாடச் செய்யும் ஒரு சிறு பூச்சி கறிவேப்பிலையிலும் வாழக்கூடியது. அந்நோய் ஆஸ்திரேலியாவில் இல்லை. பால்கோவாவைத் தடுத்ததற்கும் காரணம் உண்டு. நம் நாட்டு மாடுகளுக்கு வரும் கோமாரி நோய் 1872ஆம் ஆண்டுக்குப் பிறகு அந்நாட்டில் தலைகாட்டியதில்லை. இறைச்சி, பால் பொருள்கள் மூலமாகவும் அந்தக் கிருமி பயணம் செய்யும். ஆகவேதான் 2022ஆம் ஆண்டில் பாலித் தீவிலிருந்து டார்வின் நகரில் வந்து இறங்கிய ஒரு பயணி, இறைச்சி வைத்த இரண்டு ரொட்டிகளையும் ஒரு பன்றி இறைச்சி ரொட்டியையும் சொல்லாமல் கொண்டு வந்ததற்காக 2,664 ஆஸ்திரேலிய டாலர் அபராதம் கட்டினார். நம் மாடு வாயில் நுரை தள்ளி நிற்கும்போது நமக்கு எப்படி வலிக்குமோ, அந்நாட்டு விவசாயிக்கும் அப்படித்தானே வலிக்கும்?

“மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி, கொய்யா எல்லாமே கடல் கடந்து வந்தவைதாமே? அப்போது யார் அட்டை கேட்டார்கள்?” என்பது இரண்டாம் வாதம். உண்மைதான். பாட்டி கொண்டு சென்ற காப்பியே, பாபா புடன் என்ற முஸ்லிம் பெரியவர் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்புகையில் ஏழு விதைகளை ஒளித்துக் கொண்டு வந்ததால்தான் நம் நாட்டுக்குக் கிடைத்தது என்று கர்நாடகத்தில் கதை சொல்வார்கள். ஆனால் யாரும் கேட்காத அதே காலத்தில்தான் அழகுக்காகக் கொண்டு வரப்பட்ட உண்ணிச்செடி நம் காடுகளை அடைத்தது. அழகுக்காக வந்த ஆகாயத்தாமரை நம் குளங்களை மூடியது. நன்மையும் தீமையும் ஒரே கப்பலில் வந்த காலம் அது. இன்று அறிவியல் நமக்குக் கண் கொடுத்திருக்கிறது. கண் கிடைத்த பிறகும் இருட்டில் நடப்பேன் என்பது அறிவுடைமையாகுமா?

மூன்றாம் வாதம் என் அத்தையுடையது. அவர் தமிழ் படித்தவர். “குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே! பாட்டியின் மனம் நோகாமல் இருக்க ஒரு சிறு பொய் ஆகாதா?” என்று கேட்டார். நான் பல நாள் இதைப் பற்றி யோசித்தேன். வள்ளுவர் நன்மை என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. குற்றமற்ற நன்மை என்றல்லவா சொன்னார்! பாட்டிக்கு மகிழ்ச்சி, முகம் தெரியாத ஒரு விவசாயிக்கு ஆபத்து என்றால் அது குற்றமற்ற நன்மை ஆகாது. மேலும் அகப்பட்டுக்கொண்டால் தண்டனை பாட்டிக்கு அல்லவா? 2019ஆம் ஆண்டு முதல், சொல்லாமல் இத்தகைய பொருள்களைக் கொண்டு வரும் பார்வையாளரின் விசாவையே அந்நாட்டு அதிகாரிகள் ரத்து செய்ய முடிகிறது. பேத்தியின் முகத்தைக் காணாமலே பாட்டி திரும்ப நேர்ந்திருந்தால்?

இவ்விடத்தில் பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்களிலிருந்து எத்தனையோ அண்ணன்மார் வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். நாம் குருமாவுக்கு அரைக்கும் கசகசா நமக்கு வெறும் மளிகைச் சாமான். ஆனால் அது அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு நாடுகளிலும் சவூதி அரேபியாவிலும் சிங்கப்பூரிலும் அது தடை செய்யப்பட்ட பொருள். அன்போடு அம்மா கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு பொட்டலம் மகனைச் சிறை வாசலில் நிறுத்தக்கூடும். அண்டை வீட்டார் “என் தம்பியிடம் கொடுத்துவிடுங்கள்” என்று தரும் பார்சலைப் பிரித்துப் பாராமல் வாங்கிக்கொள்வதும் அவ்வாறே. பிரித்துக் காட்டச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

சட்டத்தை மதிக்க வேண்டும் என்று கூறும் நான், சட்டம் செய்பவர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். பாட்டி போன்றவர்களுக்குத் தடை எங்கே தெரிய வருகிறது? ஆகாயத்தில், அந்நிய மொழியில், பெட்டி கட்டி முடித்த பிறகு! இது நியாயமன்று. பயணச் சீட்டு விற்பவர்கள் அதனோடு, எந்த நாட்டுக்கு எதைக் கொண்டு போகலாகாது என்ற பட்டியலைத் தமிழில் தரட்டும். நம் விமான நிலையங்களில் பெட்டியை ஒப்படைக்கும் இடத்துக்கு முன்பே தமிழில் பெரிய பலகை வைக்கட்டும். காரணத்தையும் இரண்டு வரியில் எழுதட்டும். காரணம் தெரிந்தால் நம் மக்கள் கீழ்ப்படிவார்கள். காரணம் தெரியாத தடைதான் ஏமாற்றத் தூண்டுகிறது. அதுபோல, வெளிநாட்டிலிருந்து வரும் நம் உறவினர்களும் அழகான செடி, அபூர்வ விதை என்று பையில் ஒளித்துக் கொண்டு வராமல் இருக்கட்டும். நம் நாட்டிலும் 1914ஆம் ஆண்டிலிருந்தே இதற்கெனச் சட்டம் இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு நம் வயல்களுக்கும் தேவை.

சுங்கச் சாவடியில் அமர்ந்திருந்தபோது ஆண்டவரால் அழைக்கப்பட்டவர் புனித மத்தேயு. அவரே சுங்க அதிகாரிகளின் பாதுகாவலர் என்று ஞானோபதேச வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த மேசைக்குப் பின்னால் நிற்பவரும் நம் அயலாரே. அவரை ஏமாற்றிவிட்டுக் கோயிலுக்குப் போய் அயலாரை நேசிக்கிறேன் என்று சொல்ல முடியுமா?

பாட்டியின் கதையை முடிக்கவில்லையே! மூன்றாம் நாள் காலையில் நான் பாட்டியின் அருகில் அமர்ந்து, “நம் தோட்டத்துப் பப்பாளியெல்லாம் வெள்ளையாகப் போய்த் தாத்தா வெட்டிப் போட்டாரே, நினைவிருக்கிறதா பாட்டி?” என்று கேட்டேன். அது நான் பிறப்பதற்கு முன் நடந்தது. வீட்டில் சொல்லிக் கேட்டதுதான். அந்தப் பூச்சி எங்கிருந்து வந்தது என்பதைச் சொன்னேன். பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் எடுத்தது சரிதான் கண்ணு. அன்று நம் எல்லையில் ஒருத்தர் இப்படிப் பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் உன் தாத்தா அழுதிருக்க மாட்டார்” என்றார்.

அன்று மாலையே சித்தப்பா அவ்வூர் நாற்றுப் பண்ணையிலிருந்து ஒரு கறிவேப்பிலைக் கன்று வாங்கி வந்தார். பாட்டி தம் கையாலேயே குழி தோண்டி நட்டார். அது நான்கு இலை விட்டிருப்பதாகச் சென்ற வாரம் தொலைபேசியில் செய்தி வந்தது. அந்த ரசத்தில் இனி மணமும் இருக்கும்; பொய்யும் இருக்காது.

தோழியரே, நாளை நாமும் வெளிநாடு செல்லலாம். அப்போது நம் கையிலும் அந்த அட்டை தரப்படும். யாரும் பார்க்காத அந்தச் சிறு கட்டத்தில் உண்மையை எழுதுவோமாக. பள்ளியில் நாம் பெற்ற கல்விக்கு அதுவே தேர்வு.