எழுதும் பிள்ளைக்கு லெப்டொப்பா, டெப்பா?

சென்ற வாரம் மருதமுனையிலிருந்து ஒரு சகோதரி தொலைபேசியில் அழைத்தார். சிறுகதை எழுதுபவர். இப்போது நாவல் ஒன்றைத் தொடங்கி, வீட்டில் எல்லோரும் பாவிக்கும் கைத்தொலைபேசியிலேயே இரவில் எழுதி வந்திருக்கிறார். அது பழுதாகித் திருத்தக் கொடுத்தபோது ஏழு அத்தியாயங்கள் அழிந்துவிட்டன. "சேர், சீட்டுக் காசு விழுந்திருக்கு. லெப்டொப் வாங்கவா, டெப் வாங்கவா?" என்று கேட்டார்.

வேறு சில இளைஞர்களும் இதையே கேட்டிருப்பதால், என் கருத்தை இங்கு எழுதிவிடுகிறேன். கையில் உள்ள காசு குறைவென்றால், புதிய மலிவு டெப்பை விடப் பாவித்த நல்ல லெப்டொப்பே மேல்.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அதன் பின் ரூபா சற்று மீண்டாலும் பழைய விலைகள் திரும்பவில்லை. ஆகவே பாவித்த பொருளை வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்குப் பெரிய வேகமோ பெரிய கொள்ளளவோ வேண்டியதில்லை. யுனிகோடில் ஒரு தமிழ்க் குறி 3 பைட். முந்நூறு பக்க நாவல் முழுவதும் சில மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் தாராளம்.

ஆனால் மிக மலிவாகக் கிடைத்தால் காரணத்தைக் கேளுங்கள். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 இற்கு, இன்டெல் என்றால் பொதுவாக 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும். அதற்கு முந்தியதுதான் கட்டுப்படியாகும் என்றால், உபுண்டு போன்ற இலவச லினக்ஸையும் லிப்ரே ஒபிஸையும் போட்டு எழுதலாம்.

கடையில் திரையின் அழகைப் பார்த்து மயங்காமல் விசைப்பலகையில் ஒரு பக்கம் தட்டிப் பாருங்கள். அடுத்தது பெட்டரி. 2022 மார்ச் 31 அன்று 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்த நாடு இது. பெட்டரி அறிக்கையை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிரம்பும் அளவும் அதில் தெரியும். பாதிக்குக் கீழே வந்திருந்தால், புதிய பெட்டரியின் விலையையும் சேர்த்துப் பேரம் பேசுங்கள்.

டெப் வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லவில்லை. வாசிக்க நல்லது, கவிதைக்கும் போதும். ஆனால் அதற்கு விசைப்பலகையைத் தனியாக வாங்க வேண்டும். திரையில் வரும் தமிழ், அந்த விசைப்பலகையில் வராமலும் போகலாம். கடையிலேயே இணைத்து, தமிழில் நான்கு வரி அடித்துப் பார்க்காமல் காசைக் கொடுக்காதீர்கள்.

எதில் எழுதினாலும் யுனிகோடில் எழுதுங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த என் பழைய கட்டுரைகளைத் திறந்தால் இன்று வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றன. மாற்றியெடுக்க வழியுண்டு, ஆனால் அந்த வீண்வேலை உங்களுக்கு எதற்கு?

இனித்தான் முக்கியமான விடயம். நான் 1990 இல் பத்திரிகைக்கு எழுத வந்தவன். 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோது, பதினான்கு வருடக் குறிப்புப் புத்தகங்கள் இருந்த தகரப் பெட்டி போயிற்று. மனிதர்களையே பறிகொடுத்த ஊரில், கடதாசிக்காக அழ எனக்கு நா எழவில்லை. ஆனால் அவற்றில் இருந்த மனிதர்களின் பேச்சை இனி எங்கும் தேட முடியாது. பக்கத்து ஊரான பெரியநீலாவணையின் கவிஞர் நீலாவணன் 1975 இல் காலமானார். அவரது 'வேளாண்மை' காவியம் நூலாக வந்தது அதன் பிறகுதான். பிரதி தப்பியிருந்ததால் அது நமக்குக் கிடைத்தது.

ஆகவே லெப்டொப்பில் இரண்டாயிரம் ரூபா குறைத்தாவது ஒரு பென் டிரைவ் வாங்குங்கள். எழுதி முடித்த ஒவ்வோர் இரவும் அதில் ஒரு பிரதி. வாரத்துக்கு ஒரு முறை உங்கள் மின்னஞ்சலுக்கே இன்னொரு பிரதி. வீட்டில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று இருக்க வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வார்த்தை. மகனுக்குப் படிப்புக்கென்று கணினி வாங்குகிறோம். மகள் எழுதுவதைப் பொழுதுபோக்கு என்கிறோம். அந்தச் சகோதரியின் அத்தியாயங்கள் அழிந்தது இயந்திரத்தால் மட்டுமல்ல. அவருக்கென்று ஓர் இயந்திரம் இல்லாததாலும்தான். மருதமுனையில் நெசவாளியின் தறியை யாரும் விளையாட இரவல் கேட்பதில்லை. எழுதும் பிள்ளையின் கணினியையும் அப்படி விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "முதலாம் அத்தியாயத்தைத் திரும்ப எழுதத் தொடங்கிட்டன் சேர், கொப்பியில."

அந்தக் கொப்பியையும் பத்திரமாக வையுங்கள், மகள்.