துரைக்கும் மார்க்கு உண்டு, போடுவது யார்?

தோட்டத்தில் உழைக்கும் நமக்கு மார்க்கு போடுவது புதிதல்ல. எத்தனை கிலோ பால், எத்தனை குலை, காயாக வெட்டினாயா, உதிரிப் பழத்தைப் பொறுக்காமல் விட்டாயா, எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. தராசு சொல்லும், மண்டோர் எழுதுவார், கிராணி கூட்டிக் கழிப்பார். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பார்த்தால் நம்ம மார்க்கு தெரிந்துவிடும். பாட்டன் காலத்திலிருந்து நம்மை அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள்.

இப்போது துரைமார்களையும், அவர்களுக்கு மேலே உள்ள பெரிய துரைமார்களையும் அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். பல நாடுகளில் தொழில் நடத்தும் பெருங் கம்பெனிகள், அதிகாரிகளின் ஆண்டு மதிப்பீட்டுத் தாளில் லாபம், உற்பத்தி, செலவு என்ற பழைய கட்டங்களோடு புதிதாக ஒரு கட்டத்தைச் சேர்த்திருக்கின்றன. காடு அழியக்கூடாது, ஆறு கெடக்கூடாது, புகை குறையவேண்டும், தொழிலாளியை மனிதனாக நடத்தவேண்டும். இதற்கு நிலைத்தன்மை இலக்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இலக்கை எட்டினால் போனஸ் முழுசாக வரும். எட்டாவிட்டால் வெட்டு விழும்.

யூனிலீவர் கம்பெனி 2017இல் மேல்நிலை நிர்வாகிகளின் நீண்டகால ஊக்கத்தொகையில் கால்பங்கை இந்த இலக்குகளோடு கட்டிப்போட்டது. ஷெல் எண்ணெய்க் கம்பெனி, கரிப்புகையைக் குறைக்கும் இலக்கை மேலதிகாரிகளின் சம்பளத்தோடு இணைக்கப்போவதாக 2018 டிசம்பரில் அறிவித்தது. மாஸ்டர்கார்டு 2021இல் மேலதிகாரிகளுக்கு இதைக் கொண்டுவந்து, 2022இல் எல்லா ஊழியர்களுக்கும் விரிவாக்கியது.

"அங்கே எங்கேயோ பெரிய ஆளுக்குப் போனஸ் வெட்டினா நமக்கென்னாங்க?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதில் நம் வீட்டுக் குளியலறையிலேயே இருக்கிறது. அங்கே இருக்கும் சவர்க்காரத்தில் நாம் வெட்டிய குலையின் எண்ணெய் இருக்கலாம். சவர்க்காரம் விற்கிற கம்பெனி ஆலையைக் கேட்கும். ஆலை தோட்டத்தைக் கேட்கும். தோட்டத்துத் துரை நம்மைத் திரும்பிப் பார்ப்பார். எங்கோ ஒரு தாளில் எழுதுகிற வரி, நம்ம லயத்துக் குழாயில் நல்ல தண்ணீராக வரலாம். வராமலும் போகலாம். மார்க்கு எதற்குப் போடுகிறார்கள், யார் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

தவறான கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 2010 ஏப்ரல் 20ஆம் தேதி மெக்சிக்கோ வளைகுடாவில் டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்த் துளையிடும் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் மாண்டார்கள். மேடையின் சொந்தக்காரர் டிரான்ஸ்ஓஷன் கம்பெனி. மறுவருடம் அதே கம்பெனி, பாதுகாப்பில் 2010 தான் தனக்கு மிகச் சிறந்த ஆண்டு என்று பங்குதாரர்களுக்கு எழுதி, மேலதிகாரிகளுக்குப் பாதுகாப்பு போனசும் கொடுத்தது! எப்படி? விபத்து விகிதம் குறைந்திருந்தது. தாளுக்கு அது போதும். ஊர் சிரித்த பிறகுதான், மாண்டவர்களின் குடும்ப நிதிக்கு அந்தப் பணத்தைக் கொடுத்துவிடுவதாக அதிகாரிகள் சொன்னார்கள்.

இது கடலுக்கு அப்பால் நடந்த கதை என்று தள்ளிவிட வேண்டாம். 'விபத்தே இல்லை' என்றால் துரைக்கு முழு மார்க்கு என்று வைத்துக்கொள்வோம். குலை விழுந்து ஒருவனுக்குத் தோள்பட்டை விலகுகிறது. அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு ஒருவனுக்குக் கை கருகுகிறது. "சொக்சோவுக்கு எல்லாம் எழுத வேணாம்பா, கிளினிக் செலவை நானே பார்த்துக்கிறேன், நாலு நாள் வீட்டில படு" என்று அன்பாகப் பேசுவார்கள். அந்த அன்பில் மயங்கினால் நஷ்டம் நமக்குத்தான். வேலையிடத்து விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிப்பது முதலாளியின் கடமை. பதிவில் இல்லாத விபத்துக்கு, நாளைக்குக் கை விளங்காமல் போனால் இழப்பீடு கேட்டு எப்படி நிற்பது? விபத்தை மறைத்தவருக்கு மார்க்கு. அதைச் சொன்னவருக்கு வெட்டு என்று தாள் இருந்தால், மறைக்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். சட்டப்படி செய்தே ஆகவேண்டியதைச் செய்துவிட்டு அதற்கு மார்க்கு கேட்கிற சாமர்த்தியம் உண்டு. 2025ஆம் ஆண்டு முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதைக் கொடுப்பது சாதனையா? தொழிலாளர் வீட்டு வசதிக்கு 1990ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. ஒழுகாத கூரைக்கு எதற்கு போனஸ்? சட்டத்தைக் காப்பாற்றுவது பள்ளிக்கூடத்துக்கு வந்ததற்குப் பெயர் கூப்பிடுவது மாதிரி. மார்க்கு அதற்கு மேலேதான் தொடங்கவேண்டும்.

சான்றிதழ் இருக்கிறதே, போதாதா என்பார்கள். ஆர்.எஸ்.பி.ஓ. என்ற நிலைத்தன்மைச் செம்பனை எண்ணெய் அமைப்பு 2004இல் தொடங்கப்பட்டது. அந்தச் சான்றிதழ் பெற்ற எண்ணெயை உலகிலேயே அதிகமாக விற்றவர்களில் ஒன்று சைம் டார்பி பிளாண்டேஷன். ஒரு தன்னார்வ அமைப்பு மனுக் கொடுத்தபின், கட்டாய உழைப்பு நடக்கிறதென்ற சந்தேகத்தின் பேரில், 2020 டிசம்பர் கடைசியில் அதன் எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டது. அதன் பின்னர், வேலைக்கு வர ஏஜெண்டுகளுக்குக் கட்டிய பணத்தை வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுக்கக் கம்பெனி 80 மில்லியன் வெள்ளிக்கு மேல் ஒதுக்கியது. 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. நம்ம பாட்டன் கப்பலேறி வந்து பட்ட கடனை, இந்தப் பிள்ளைகள் விமானமேறி வந்து பட்டிருக்கிறார்கள். சான்றிதழ் சுவரில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

அதற்காக இந்த இலக்கெல்லாம் வெறும் வேஷம் என்று ஒதுக்கிவிடலாமா? கூடாது. பாராகுவாட் என்ற களைக்கொல்லியை நினைத்துப் பாருங்கள். மருந்தடித்த பெண்களின் நகம் அழுகியது, மூக்கில் ரத்தம் வடிந்தது. அவர்களே வாய் திறந்து சொன்னதைத் தெனாகனித்தா போன்ற அமைப்புகள் எழுதி வெளியிட்டன. 2002இல் அரசாங்கம் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது. விடாமல் பேசிப் பேசி, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து முழுத் தடை வந்தது. 2018இல் ஆர்.எஸ்.பி.ஓ. விதிகளும் அதை விலக்கின. உடம்பில் பட்டவர்கள் பேசியபோதுதான் விதி மாறியது.

ஆகவே சங்கங்கள் கேட்கவேண்டியது நான்கு. முதலாவது, துரையின் தாளில் மரத்துக்கும் ஆற்றுக்கும் இடம் இருப்பதுபோல் லயத்துத் தண்ணீருக்கும், வீட்டுக்கும், மருந்தடிப்பவரின் உடம்புக்கும் இடம் வேண்டும். இரண்டாவது, விபத்தைப் பதிவு செய்ததற்காக யாருக்கும் மார்க்கு குறையக்கூடாது. மறைத்தது தெரிந்தால் முழுதும் போகவேண்டும். மூன்றாவது, துரையின் இலக்கு நம் தலையில் கூலியில்லாச் சுமையாக இறங்கக்கூடாது. மருந்தைக் குறைத்துக் கையால் புல் வெட்டச் சொன்னால் வேலை அளவைக் குறைக்கவேண்டும், சம்பளத்தைக் குறைக்கக்கூடாது. நான்காவது, தாளில் நம் கையெழுத்தும் வேண்டும்.

நான்காவதுதான் முக்கியம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி, 40 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்கவேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் இருக்கவேண்டும். உங்கள் தோட்டத்துக் குழுவில் உங்கள் பிரதிநிதி யார்? கடைசியாக எப்போது கூடினார்கள்? தெரியாவிட்டால் நாளைக்குக் காலைப் பெரட்டிலேயே கேளுங்கள். இந்தோனேசியத் தோழனையும், வங்காளதேசத் தோழனையும், நேபாளத் தோழனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஆலையை விசாரிக்க ஆள் வருகிறதென்றால் முதல் நாள் சுண்ணாம்பு அடித்த சுவரை மட்டும் பார்த்துவிட்டுப் போக விடாதீர்கள். குழாயைத் திறந்து காட்டுங்கள்.

நம்மை அளந்த தராசு நூறு வருடமாக ஒரே பக்கம் நின்றது. அவர்களை அளக்க ஒரு தராசு வருகிறது. அதன் பக்கத்தில் நாமும் நிற்கவேண்டாமா?