தறிக்கு வயசு எத்தனை?

மேச்சேரி சந்தையில் ஆடு வாங்க வருகிறவர் முதலில் செய்வது, உதட்டை விலக்கிப் பல் பார்ப்பது. பால் பல்லா, ரெண்டு பல்லா, நாலு பல்லா என்று தெரிந்த பிறகுதான் விலைப் பேச்சு. "நீ எவ்வளவுக்கு வாங்கினாய்?" என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

அதே மேச்சேரியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவர் கணவரும் கொழுந்தனாரும் கூட்டாக நாலு ரேப்பியர் தறி ஓட்டினார்கள். இப்போது பிரிகிறார்கள். தறிகளைக் கொழுந்தனாரே வைத்துக்கொண்டு, பாதிப் பணம் கொடுப்பதாகப் பேச்சு. ஐந்து வருடத்துக்கு முன் ஒரு தறி 10 லட்சம். ஆடிட்டர் கணக்கில் இன்றைக்கு 4,43,705 ரூபாய். பழைய தறி வாங்குகிறவரோ ஆறரை லட்சத்துக்குக் கேட்கிறார். "எது சார் நிஜ விலை? ஆடிட்டர் பொய் எழுதுவாரா?"

பொய் இல்லையம்மா. அது வேறு கேள்விக்கான பதில்.

வருமான வரிச் சட்டப்படி, பொதுவான இயந்திரங்களுக்குத் தேய்மானம் ஆண்டுக்கு 15 சதவீதம். அதுவும் மிச்சமிருக்கும் மதிப்பில். முதல் வருடம் 1,50,000 போனால் பாக்கி 8,50,000. அடுத்த வருடம் அதில் 15 சதவீதமாக 1,27,500. இதுதான் குறைந்து செல் மதிப்பு முறை. முன்னால் அதிகம், போகப் போகக் குறைவு. கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், மேஜை நாற்காலிக்கு 10. அக்டோபர் முதல் வாரம் தாண்டி வாங்கி ஓட்டினால் அந்த வருடம் பாதிதான் கிடைக்கும். வரிக் கணக்கில் இதை விட்டு வேறு முறைக்குப் போக நம்மைப் போன்றவர்களுக்கு வழியில்லை.

கம்பெனிச் சட்டம் வேறு மாதிரி யோசிக்கிறது. பொதுவான இயந்திரத்துக்கு ஆயுள் 15 வருடம், கடைசியில் தேறுவது பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் இல்லை என்று வைத்துக்கொள்கிறது. நேர்கோட்டு முறையில் மீதி ஒன்பதரை லட்சத்தைப் பதினைந்தாகப் பிரித்தால் வருடத்துக்கு 63,333. ஐந்து வருடம் கழித்துத் தறியின் மதிப்பு 6,83,333.

தறி ஒன்றுதான். ஒரு காகிதத்தில் நாலே முக்கால் லட்சம்கூட இல்லை, இன்னொன்றில் ஏழு லட்சத்துக்குக் கொஞ்சம் கீழே. நாலு தறிக்கும் சேர்த்து வித்தியாசம் ஒன்பதரை லட்சத்தைத் தாண்டுகிறது.

வரிக்காக வேகமாகக் கழித்ததால் அந்த ஐந்து வருடமும் லாபம் குறைவாகத் தெரிந்தது, வரியும் குறைந்தது. அந்தச் சலுகையை இரண்டு பேரும் ஏற்கெனவே அனுபவித்தாகிவிட்டது. இப்போது அதே குறைந்த எண்ணை வைத்துப் பங்கு பிரித்தால், தறியை வைத்துக்கொள்கிறவருக்கு மட்டும் இன்னொரு தரம் லாபம். கொழுந்தனார் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாளைக்கு அவர் எல்லாத் தறியையும் ஆறரை லட்சத்துக்கு விற்றால், கணக்கு மதிப்புக்கு மேல் வந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் குறுகிய கால மூலதன ஆதாயமாகி வரி கேட்கும். அதற்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். கூட்டுத் தொழிலைக் கலைத்துச் சொத்தைப் பிரிப்பதிலும் வரி வரலாம். கையெழுத்துக்கு முன்பே ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

'நாங்கள் தேய்மானமே எழுதியதில்லை, மொத்த வரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டுகிறோம்' என்பவர்களும் தப்ப முடியாது. அப்படிப் போகிறவர்களுக்குத் தேய்மானம் கொடுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

மூன்றாவதாக ஒரு முறை உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான். ஓடிய அளவுக்குத் தேய்மானம். ஒரு தறி ஆயுளில் 4,75,000 மீட்டர் நெய்யும் என்று வைத்துக்கொண்டால், ஒன்பதரை லட்சத்தை அதால் வகுக்க, மீட்டருக்கு 2 ரூபாய். கூலிக்கு நெய்கிறவருக்கு இந்த 2 ரூபாய் தெரிந்திருக்க வேண்டும். ஆள் சம்பளம், கரண்ட், உதிரி பாகம் எல்லாம் போக மீட்டருக்கு ஒன்றரை ரூபாய் மிஞ்சுகிறதென்றால், மிஞ்சவில்லை; தினமும் தறியிலிருந்து அரை ரூபாய் ரூபாயாகக் கிள்ளிச் சாப்பிடுகிறீர்கள். கூலி பேச உட்காரும்போது இந்த எண் மடியில் இருந்தால் பேச்சே வேறு. ஆர்டர் இல்லாமல் தறி நின்ற மாதத்தில் இந்த முறை ஒன்றும் கழிக்காது. ஆனால் நின்ற தறியும் துருப்பிடிக்கும், புது மாடல் வந்தால் விலை இறங்கும். அதைப் பிடிக்க நேர்கோடுதான் சரி.

அதனால் தறி வைத்திருக்கும் வீடுகளில் இரண்டு நோட்டு இருக்கட்டும். ஒன்று ஆடிட்டருக்கு. மற்றது வீட்டுக்கு. வீட்டு நோட்டில் எழுதுகிற தேய்மானத் தொகையை மாதா மாதம் வங்கியில் ஆர்.டி.யாகவே போட்டுவிட வேண்டும். நோட்டில் மட்டும் எழுதி வைத்தால், பதினைந்தாவது வருடம் புதுத் தறிக்கு மறுபடி கடன்தான்.

மேச்சேரி சகோதரிக்கு: ஒருவர் சொன்ன ஆறரை லட்சத்தை நம்பி உட்காராதீர்கள். பழைய தறி வாங்கி விற்கும் மூன்று பேரையாவது பட்டறைக்கே கூப்பிட்டு, தறியை ஓட்டிக் காட்டி விலை கேளுங்கள். கொழுந்தனாரும் கூட நிற்கட்டும். தறிக் கடனில் பாக்கி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அதைக் கழித்த பிறகுதான் பாதி.