மொய் நோட்டுல இருக்குற மரியாதைகூட இல்லையா?

மக்களே, எங்க காட்டுப்பாக்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போய் 101 ரூபாய் மொய் வெச்சாக்கூட பேரு, ஊரு, தொகைன்னு நோட்டுல ஏறிடும். 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாசாமாசம் 500 அனுப்பிட்டு வந்தேன். பதிலுக்கு வந்ததெல்லாம் அழுகிற குழந்தை படமும் 'இன்னும் கொடுங்க'வும்தான்!

நன்கொடைக்கு வரிச்சலுகை உள்ள நிறுவனங்கள் யார் எவ்வளவு கொடுத்தாங்கன்னு 2021-22லிருந்து வருமானவரித் துறைக்குக் கணக்கு கொடுத்தாகணும். அரசாங்கத்துக்குக் கணக்கு போகுது. கொடுத்தவனுக்கு அந்தக் காசு என்னாச்சுன்னு ஒரு வரி இல்லை. 'உங்க காசுல மூணு பேருக்கு நோட்டு வாங்கினோம், ஒருத்தன் பள்ளிக்கூடத்தை விட்டுட்டான்'னு உள்ளதைச் சொன்னா, கோவிச்சுக்கவா போறேன்?

போன மாசம் நிறுத்திட்டேன். கஷ்டப்படப்போறது அந்தப் பிள்ளைங்கதான்னு உறுத்துது. நான் செஞ்சது தப்பா? பின்னூட்டத்துல கும்முங்க.