தண்ணியில்லாக் காடா? வந்து பாருங்கப்பா!



"உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!" என்று சினிமாவில் அதிகாரி மிரட்டினால் தியேட்டரே சிரிக்கிறது. அந்தக் காடு எது என்று கேட்டால் பலரும் கைநீட்டுவது எங்கள் ராமநாதபுரம் சீமையைத்தான். நானே முதல் வருடம் விடுதியில், "மதுரைப் பக்கம்" என்று சொல்லிச் சமாளித்தவன். அந்த வெட்கம் போன பங்குனியில்தான் போனது.

வருடா வருடம் ஊட்டி, கொடைக்கானல் என்று டூர் போகிறோம். இந்த முறை நாங்கள் எட்டுப் பேர் மட்டும் கூடாரம், ஸ்டவ் சகிதம் உப்பூருக்குக் கிளம்பினோம். "வெயில்ல காயவாடா டூர் போவாங்க?" என்று வகுப்பே கேலி பண்ணியது.

முதலில் ராமநாதபுரம் சந்தை. கருவாடு, கருப்பட்டி, குவியல் குவியலாகக் குண்டு மிளகாய். 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது இந்த மிளகாய். வியாபாரி ஒரு மிளகாயைக் காதருகே குலுக்கிக் காட்டினார். "வெத சலசலங்குதா? அப்ப காய்ச்சல் சரி தம்பி." நாம் லேபில் ஈரப்பதம் அளக்கிறோம், அவருக்குக் காதே கருவி!

பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உப்பூர். அங்கே இருப்பவர் வெயிலுகந்த விநாயகர். சாமியே வெயிலை விரும்பி ஏற்ற ஊர்! பெரியவர்களிடம் கேட்டுக்கொண்டு ஊர் ஓரமாகக் கூடாரம் அடித்தோம்.

மறுநாள் விடியுமுன் கருவேலங்காட்டு ஒற்றையடிப் பாதையில் நடந்து உப்பளம் போனோம். கடல் தண்ணீர் போமே மானியில் சுமார் 3 டிகிரி. பாத்தி பாத்தியாக வெயிலில் சுண்டி 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு பூக்கிறது. இதைப் புத்தகத்தில் படித்திருந்தால் மறுநாளே மறந்திருப்பேன். உப்பு வாரும் அக்காவின் வெடித்த பாதத்தைப் பார்த்த பிறகு மறக்க முடியவில்லை.

தண்ணீர்க் கஷ்டமே இல்லை என்று நான் பூசி மெழுகவில்லை. நாங்கள் கொண்டுபோன கேன்கள் இரண்டாம் நாளே காலி. தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு வந்த ஓர் அக்கா, ஒரு குடத்தை அப்படியே எங்களுக்கு ஊற்றிவிட்டார். காசு நீட்டினோம். "தண்ணிக்கு யாருப்பா காசு வாங்குவா?" என்றார். அந்தக் குடத்துக்காக அவர் எவ்வளவு தூரம் வண்டி தள்ளினாரோ!

இங்கேதான் என் கேள்வி. மிளகாய், கருவாடு, உப்பு மூன்றையும் காயவைப்பது இந்த வெயில். இதே மாவட்டத்துக் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததும் இந்த வெயிலை நம்பித்தான். அப்படியிருக்க, அந்த அக்காவின் தள்ளுவண்டியை இலகுவாக்க ஒரு மெக்கானிக்கல் மாணவனால் முடியாதா? மழைநீரைத் தேக்க ஒரு சிவில் மாணவன் திட்டம் போட மாட்டானா? டிப்ளமோ எதற்கு, சுவரில் மாட்டவா?

டூர் என்றால் ஜாலி வேண்டும்தான். நாங்களும் இரவு முழுக்கப் பாட்டுப் பாடினோம், கஞ்சியைக் கருக விட்டோம், விழுந்து விழுந்து சிரித்தோம். ஆகவே மாணவர் பேரவைக்கு ஒரு வேண்டுகோள்: மலைக்கு ஒரு டூர் என்றால், நம் மண்ணுக்கு ஒரு நடைப்பயணம். திரும்பி வந்ததும் துறைக்கு ஒரு புராஜெக்ட்.

இப்போதெல்லாம் யாராவது ஊர் கேட்டால் சத்தமாகவே சொல்கிறேன்: "தண்ணியில்லாக் காடுதான். வாங்க, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டுப் போலாம்!"