நீல மேட்டும் அரை மில்லிமீட்டர் ஷீட்டும்... உங்கள் போனுக்கு 'ஷாக்' டெஸ்ட் நடப்பது எப்படி?

ஏசி அறையில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து, கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் விரல் நுனியில் 'சுரீர்' என்று ஒரு ஷாக். இது நம் எல்லோருக்குமே நடந்திருக்கும். கையை உதறிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஆனால், அந்த 'சுரீர்' நமக்கு உறைக்க வேண்டுமென்றாலே உடம்பில் சுமார் 3,000 வோல்ட் நிலை மின்சாரம் ஏறியிருக்க வேண்டும். கண நேரத்தில் பாய்ந்து முடிந்துவிடுவதால் நமக்கு ஒன்றும் ஆவதில்லை. அதே விரல் போனின் சார்ஜிங் போர்ட்டைத் தொட்டால்? சில வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு அது இடி விழுந்த மாதிரிதான்!

அதனால்தான் எலெக்ட்ரானிக் பொருள்களுக்கு 'ஈ.எஸ்.டி டெஸ்ட்' என்ற சோதனை இருக்கிறது. உலகம் முழுக்கப் பெரும்பாலான லேப்கள் பின்பற்றும் விதிமுறை, ஐ.இ.சி 61000-4-2.

துப்பாக்கியும் மேஜையும்!

பார்ப்பதற்குத் துப்பாக்கி போலவே இருக்கும் ஒரு கருவியால் பொருளின் மீது மின்சாரத்தைப் பாய்ச்சுவார்கள். முனையைத் தொட வைத்துப் பாய்ச்சினால் 8,000 வோல்ட், காற்று வழியாகப் பொறி தாவ வைத்தால் 15,000 வோல்ட். விதிமுறையில் உள்ள நான்கு நிலைகளில் உச்ச நிலையின் அளவு இது. 8,000 வோல்ட்டில் பாயும் மின்னோட்டத்தின் முதல் உச்சம் 30 ஆம்பியர். அந்த உச்சத்துக்குப் போக ஒரு நானோ செகண்டுகூட ஆகாது.

பலருக்கும் துப்பாக்கிதான் கண்ணில் படும். ஆனால், ரிசல்ட்டைத் தீர்மானிப்பதில் அதற்குச் சமமான பங்கு போன் வைக்கப்படும் மேஜைக்கும் உண்டு. தரையில் ஓர் உலோகத் தகடு. அதன் மேல் 80 சென்டிமீட்டர் உயரத்தில், மரம் போன்ற மின்சாரம் கடத்தாத பொருளால் ஆன மேஜை. மேஜை மேல் 1.6 மீட்டர் நீளமும் 0.8 மீட்டர் அகலமும் கொண்ட இன்னொரு உலோகத் தகடு. அந்தத் தகட்டின் மேல் 0.5 மில்லிமீட்டர் தடிமனில் ஒரு பிளாஸ்டிக் ஷீட். அதன் மேல்தான் போன். போனிலிருந்து போகும் கேபிளும் அந்த ஷீட் மேலேயே கிடக்க வேண்டும்.

ஷீட் தடிமனானால் என்ன?

'ஒரு பிளாஸ்டிக் ஷீட்தானே, கையில் கிடைத்ததைப் போடலாமே' என்று தோன்றலாம். அங்கேதான் சிக்கல். போனுக்கும் கீழே இருக்கும் தகட்டுக்கும் நடுவில் ஷீட் இருக்கும்போது, மூன்றும் சேர்ந்து ஒரு கெபாசிட்டர் ஆகிவிடுகின்றன. ஸ்கூலில் படித்த பாடம்தான்: இடைவெளி கூடினால் கெபாசிட்டரின் கொள்ளளவு குறையும். 0.5 மில்லிமீட்டர் ஷீட்டுக்குப் பதிலாக 5 மில்லிமீட்டர் அட்டையைப் போட்டால், அந்தக் கொள்ளளவு ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். போனுக்குள் புகுந்து தகட்டுக்குப் போகும் மின்னோட்டமும் குறையும். துப்பாக்கி அதே 8,000 வோல்ட்டைத்தான் காட்டும். ஆனால், நிஜத்தில் தோற்க வேண்டிய போன்கூட பாஸாகிவிடலாம்!

சர்வீஸ் கடை மேட் வேறு!

மொபைல் சர்வீஸ் கடைகளில் நீலம் அல்லது பச்சை நிறத்தில் ஒரு மேட் விரித்திருப்பார்கள். 'ஆன்டி-ஸ்டேட்டிக் மேட்' என்று பெயர். நிலை மின்சாரத்தை மெதுவாகத் தரைக்குக் கடத்திவிடுவது அதன் வேலை. லேப் ஷீட்டின் வேலை இதற்கு நேர் எதிர். மின்சாரத்தைக் கசியவிடக் கூடாது. டெஸ்ட் மேஜையில் நீல மேட்டை விரித்தால், போனில் ஏறிய மின்சாரம் அது வழியாகவே நழுவி, சோதனையின் தன்மையே மாறிவிடும்.

சரி, ஷீட் கசியவிடாது என்றால், பாய்ச்சிய மின்சாரம் எங்கே போகும்? பேட்டரியில் ஓடும் போனுக்கு எர்த் கிடையாது. முதல் அடியில் ஏறியது அப்படியே தங்கிவிடும். ஒவ்வோர் அடிக்கு முன்பும் அதை இறக்க வேண்டும் என்கிறது விதிமுறை. இரு முனைகளிலும் 470 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்த கேபிளால் தொட்டு இறக்கலாம். இதை மறந்துவிட்டுப் பாசிட்டிவிலிருந்து நெகட்டிவுக்கு மாறினால், போன் வாங்கும் அடி இரண்டு மடங்குவரை போகலாம். நல்ல பொருளும் அநியாயமாக ஃபெயில் ஆகிவிடும்.

காற்றின் ஈரப்பதத்துக்கும் கணக்கு உண்டு. காற்று வழிச் சோதனையின்போது 30 முதல் 60 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். சென்னைக் காற்றை அப்படியே உள்ளே விட்டால் பல நாள்களில் அந்த வரம்பைத் தாண்டிவிடும். ஈரம் மாறினால் பொறியும் மாறும். தரமணியில் இருக்கும் மத்திய அரசின் 'சமீர்' மையம் உட்பட, நம் ஊரில் இந்த வகைச் சோதனைகளைச் செய்யும் லேப்களுக்கு இதுவும் ஒரு தினசரி வேலை.

இதில் நமக்கு என்ன?

போன் ஹேங் ஆனால் ரீ-ஸ்டார்ட் செய்துகொள்ளலாம். ஆனால், மருத்துவமனையில் நோயாளிக்குச் சொட்டுச் சொட்டாக மருந்து செலுத்தும் பம்ப்? மருத்துவக் கருவிகளுக்கான ஐ.இ.சி 60601-1-2 விதிமுறையின் 2014-ம் ஆண்டுப் பதிப்பும் இதே 8,000, 15,000 வோல்ட்டைத்தான் கேட்கிறது. போர்வையைச் சரிசெய்துவிட்டு நர்ஸ் பட்டனைத் தொடும் நொடியில் அந்தக் கருவி தடுமாறக் கூடாது. அங்கே 'பாஸ்' என்ற சொல்லுக்குப் பின்னால் சரியான தடிமனில் ஒரு ஷீட் இருந்ததா என்பது சின்ன விஷயமே இல்லை. விலை உயர்ந்த துப்பாக்கி வாங்கிய லேப், அந்த ஷீட்டையும் அளந்துதான் விரிக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள் மக்களே... இந்த பாஸ் மார்க் எல்லாம் மூடிய, முழுமையான பொருளுக்குத்தான். போனைத் திறந்து போர்டு வெளியே வந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. நமக்கு உறைக்காத சில நூறு வோல்ட்கூட சிப்பைக் கெடுத்துவிடலாம். அடுத்த முறை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது, கடைக்காரரின் மேஜையில் அந்த நீல மேட் இருக்கிறதா, அதிலிருந்து ஒரு வயர் எர்த்துக்குப் போகிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்!